ஜன்னல் இடுக்கில் ஆலம்பழம்

ராயபுரம்,
14 மார்ச் 1931

கர்த்தருக்குள் அன்பான தம்பி தவசிமுத்துவுக்கு அக்காள் சுகிர்தம் எழுதுவது. மலைமேல் நீயும் உன் காட்டுக் காவல் உத்தியோகமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நானும் சுகம்தான் என்று எழுதத் தொடங்கும்போதே ஜன்னலில் தட்டுகிறது. ஆகையால் அந்த வார்த்தையை நிறுத்திவைக்கிறேன்.

யாரோ துரைக்காக நீ பிடித்து, என் பெயருக்கு ரயிலில் அனுப்பிய இருவாட்சிப் பறவையைப் பற்றித்தான். பார்சல் ஆபீசில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்பு இறகு, பறவை இல்லை. வழியில் தப்பிவிட்டது என்று வீடு வந்தேன். மறுநாள் விடியும்போது கூரைமேல் ரயில் வந்தது. இருவாட்சி சிறகடித்தால் இஞ்சின் மூச்சுவிடுவதுபோல் இருக்கும் என்று நீதானே எழுதியிருந்தாய்? ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிற எனக்கு ரயில் சத்தம் புதிதல்ல, ஆனால் இது தலைக்கு நேர் மேலே போனது. மீன் விற்கும் பூவம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னா டீச்சரம்மா, உன் வூட்டு மேல கூட்ஸு வண்டி போவுது, வண்டியக் காணோம்! பேஜாரா கீதும்மா!"

உன் அத்தான் காலமான பிறகு, கரித்தூள் தாங்காமல் ஜன்னலைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து, காற்றுக்கு மூன்று விரற்கடை இடுக்கு மட்டும் விட்டிருக்கிறேன் அல்லவா, அது வழியாக ஓர் ஆலம்பழம் மேசைமேல் விழுந்தது. மறுநாள் இரண்டு. மஞ்சள் மூக்கின் நுனி தெரிகிறது. வெளியே ஓடிப் பார்த்தால் சுவர்தான் இருக்கிறது. பக்கத்துப் போர்ஷன் ஃப்ளோரா, "யாரு டீச்சர், தெனம் பழம் குடுத்து அனுப்பறது? மோதிரம் எப்போ?" என்கிறாள். சிரித்துக்கொண்டே தன் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டை பொந்துக்குள் உட்கார்ந்து வாசலைப் பூசிக்கொள்ளும், சிறகை உதிர்த்துவிட்டுப் பறக்க முடியாமல் குஞ்சோடு கிடக்கும், ஆண்தான் இடுக்கு வழியாக ஊட்டும் என்று எழுதியவனும் நீதான். மூக்கின்மேல் உள்ள கொம்புக்கும் கொழுப்புக்கும் சுட்டுச் சுட்டு உன் சரகத்தில் மூன்றே ஜோடி மிச்சம் என்று வருத்தப்பட்டவனும் நீதான். ஏலே, பூசிய பொந்தின் வாசலில் வைத்துத்தானே இதைப் பிடித்தாய்? உள்ளே இருப்பவளுக்கு இப்போது யார் ஊட்டுகிறார்கள்? இந்தப் பறவை என் ஜன்னலைப் பொந்து என்றும் என்னை அவள் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி நினைத்ததில் பெரிய தப்பு இல்லை என்று சில வேளை எனக்கே தோன்றுகிறது. வலையோடு உடனே வந்து, இதைப் பிடித்துக்கொண்டுபோய் அந்த மரத்திலேயே விடு.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வாசலைத் திறந்தே வைப்பாராக.

உன் அக்காள்,
சுகிர்தம்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் கடிதம், பள்ளிக்கூடத்து விலாசத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு, வந்து சேர்ந்தது. பறவை அம்பாசமுத்திரம் ஸ்டேஷனிலேயே செத்துவிட்டதாகவும், நீயே புதைத்ததாகவும், ரசீது போட்டாயிற்றே என்று வெறும் பெட்டியை ஏற்றியதாகவும், துரை கேட்டால் வழியில் பறந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். ஆகவே நீ வர வேண்டாம், வலையும் வேண்டாம். மரத்துக்குப் போ. இதுவரை விழுந்த இருபத்துமூன்று பழங்களையும் ஓலைப்பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். அவை எனக்கு வந்தவை அல்ல. இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக ஊட்டு. முதலில் தட்டு, அவளுக்கு அந்தச் சத்தம்தான் பழக்கம்.