குளத்தில் மிதந்த காசு

துலாபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆண்டுக்கொரு முறை குடிமக்கள் அரண்மனைக் குளத்தில் ஆளுக்கொரு காசு இடுவார்கள். மூழ்கினால் அரசர் நீடிப்பார். மிதந்தால் மூட்டை கட்டுவார். காசெல்லாம் செம்பு. ஆகவே துலாபுரியில் ஜனநாயகம் குறைவின்றி நடந்துவந்தது.

பணியாரக்காரி செங்கமலத்துக்கு அதில் குறை ஒன்றுமில்லை. செம்புக் காசைக் கல்லில் தட்டினால் கணீரென்னும். அதை நம்பித்தான் அவள் கடை நடத்தினாள்.

அரசர் கனகவர்மருக்கு அரண்மனைக் கூரையைச் செம்பால் வேய ஆசை வந்தது.

"குடிகளின் மடிச்சுமையைக் குறைக்கிறோம்!" என்று முழங்கினார் நாணய அமைச்சர். செம்புக் காசெல்லாம் கூரைக்குப் போக, அலுமினியக் காசு வந்தது. சுமையை மேலும் குறைத்ததில் அது வெற்றிலையாய் மெலிந்தது.

ஆடிக்காற்றில் செங்கமலத்தின் வரும்படி பறந்து பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. வியாபாரிகள் முறையிட்டார்கள். காசின்மேல் பாரம் வைக்க அரசாங்க முத்திரைக் கல்லைக் கொடுத்து, அதற்கு வரியும் போட்டார் அமைச்சர்.

"இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்" என்றாள் செங்கமலம், வயிறெரிந்து.

சடங்கு நாள் வந்தது. போன முறை யாரோ காசை விட்டெறிந்ததில் அரசர் முகத்தில் தண்ணீர் தெறித்திருந்தது. எனவே புதிய ஆணை: காசைப் பணிவோடு, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல நீர்மேல் கிடத்த வேண்டும்.

செங்கமலம் அப்படியே கிடத்தினாள். காசு மிதந்தது. அடுத்தவர் காசும் மிதந்தது. குளமே பளபளத்தது.

"காசுகள் சற்றுத் தயங்குகின்றன, பிரபு" என்றார் அமைச்சர்.

"அமுக்கிவிடுங்களேன்!"

"தொட்டால் செல்லாது. தங்கள் பாட்டனார் போட்ட சட்டம்."

ஊரே குலுங்கிச் சிரித்தது. செங்கமலத்துக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. மூட்டையோடு அவள் கடைக்குப் பசியாக வந்த கனகவர்மர் காசை நீட்டியபோது, அவள் வாங்கவில்லை.

"சும்மா சாப்பிடுங்க சாமி. காத்து பலமா அடிக்குது, காசைப் பத்திரமா வச்சுக்கங்க."

புதிய அரசர் கல்வரியை நீக்கினார். செம்புக் காசு பற்றி ஆராயக் குழு அமைத்தார். பிறகு முரசு முழங்கியது: "சுதந்திரக் குடிகளே! இனிக் குளத்தில் காசை எவ்வளவு ஓங்கி வேண்டுமானாலும் எறியலாம்!"

அறிவித்தவர் அதே நாணய அமைச்சர்தான். கூட்டம் கைதட்டியது. செங்கமலமும் தட்டிவிட்டு, பக்கத்துப் பூக்காரியிடம் குனிந்தாள்.

"அவரு சொல்லிட்டுப் போறாரு, விடுடி. நமக்குத்தான் மெள்ள வைக்கப் பழகிடுச்சே."