எல்லாம் உப்புக் காத்துதான்

சாவியைத் திருப்பினால் கார் கிளம்பவில்லை, ஹாரன் அடித்தது. சாவியை உருவி எடுத்த பிறகும் அடித்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், அத நிப்பாட்டுங்க" என்றார் காசிலிங்கம் அண்ணாச்சி, காதைப் பொத்திக்கொண்டு.

"நான் அடிக்கல அண்ணாச்சி. அதுவா அடிக்குது" என்றார் காரின் சொந்தக்காரர் ஜேசுபாதம்.

ஜேசுபாதம் ரிட்டயர்டு வாத்தியார். சொந்த ஊர் நாசரேத், வீடு முத்தையாபுரத்தில். மனைவி ஞானபாய் போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். மகள் ஜெபசுதா பெங்களூரில். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரிடம் வாய் திறந்து பேசியது செல்போனில் வரும் வீடியோக்காரன் ஒருவன்தான். அவன் "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்தால் வீட்டுக்கு யாரோ வந்துவிட்ட மாதிரி இருக்கும். பழைய காரின் பெட்ரோல் பம்பை நாமே மாற்றிவிடலாம், ரொம்ப ஈஸி என்று சொன்னதும் அவன்தான். பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவனிடம் எதையும் ஈஸி என்று சொல்லக் கூடாது, நம்பிவிடுவான்.

வாத்தியார் நம்பினார். பின் சீட்டைத் தூக்கி, டாங்க்கைத் திறந்து, பழைய பம்பை எடுத்துப் புதியதை வைத்து மூடினார். ஒரு போல்ட் மிச்சமிருந்தது. வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்தது. மறுபடி முயன்றார், மறுபடி இருமல். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், பால் வாங்கிக்கொண்டு போன அண்ணாச்சி வாசல் கேட்டுக்குள் தலையை நீட்டினார்.

அண்ணாச்சிக்குப் பக்கத்துத் தெரு. அவருடைய பெயிண்ட் கடையை இப்போது மகன் செந்தில்முருகன் பார்க்கிறான். இவர் கடைப்பக்கம் போனால், "நீங்க எதுக்குப்பா வெயில்ல வாறிய" என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ஒரு காலத்தில் அண்ணாச்சி அம்பாசடர் கார் வைத்திருந்தார். அதற்குள் உட்கார்ந்த நேரத்தைவிட அதற்கு அடியில் கிடந்த நேரம் அதிகம்.

"பெட்ரோல் போற டியூபையும் திரும்பி வாற டியூபையும் மாத்தி மாட்டிருக்கிய சார்" என்றார் பார்த்த மாத்திரத்தில்.

மாற்றினார்கள். டியூப் கழன்று பின் சீட் பெட்ரோலில் குளித்தது. கிளிப் போட்டு இறுக்கி, சீட்டை அமுக்கி வைத்தார்கள். ஏதோ ஒரு வயர் சீட்டுக்கு அடியில் நசுங்கியது. அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த ஹாரன்.

"எல்லாம் உப்புக் காத்து சார். வயர அரிச்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி. எதற்கும் அவரிடம் அந்த ஒரு காரணம்தான். தன் முட்டி வலிக்கும் அதைத்தான் சொல்வார், மகனுடைய கோபத்துக்கும் அதைத்தான் சொல்வார்.

அந்த வயரைப் பிடித்து இழுத்தார். டப்பென்று ஒரு பொறி. ஹாரன் நின்றது. அதோடு பம்பும் நின்றது. சாவியைப் போட்டதும் பின்னால் 'ஊய்ங்' என்று முனக வேண்டிய பம்பு மூச்சுக்கூட விடவில்லை.

"நாளைக்குப் பாப்போம்" என்று காபியைக் குடித்தார் அண்ணாச்சி. "காபி நல்லா இருக்கு சார்."

அது ஞானபாயின் டம்ளர். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் அலமாரியை விட்டு வெளியே வந்தது.

அண்ணாச்சி மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். வயரைப் பார்த்தார்கள், பாட்டரியைப் பார்த்தார்கள். ஹார்பர் பக்கம் கப்பல் ஊதினால் எந்த நாட்டுக் கப்பலாக இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். பம்பு மட்டும் முனகவில்லை.

ஒரு விடியற்காலை தூக்கம் வராமல் வாத்தியார் லென்ஸும் டார்ச்சுமாகக் காரில் உட்கார்ந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பம்புக்கான ஃபியூஸ் உள்ளே கருகிக் கிடந்தது. அன்றைக்கு வந்த பொறியின் வேலை. ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஸ்பேராக இருந்த புதியதை மாட்டிச் சாவியைத் திருப்பினார். 'ஊய்ங்.' வண்டி பூப்போலக் கிளம்பியது.

வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டுமே என்று நினைத்தார். சொன்னால் அண்ணாச்சி கைகொடுப்பார், காபி குடிப்பார், போவார். அதற்குப் பிறகு எதற்கு வருவார்?

எஞ்சினை அணைத்தார். நல்ல ஃபியூஸைப் பிடுங்கி ஞானபாயின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, கருகினதைப் பழைய இடத்திலேயே சொருகினார். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று ஆயுள் முழுக்கப் பாடம் எடுத்த கைதான் அது.

அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சி, "பியூஸப் பாப்போமா?" என்று பெட்டியைத் திறந்தார். அண்ணாச்சி அந்தக் கருகினதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"பியூஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று திரும்ப மாட்டினார்.

அம்பாசடர் வைத்திருந்த மனிதருக்குக் கருகின ஃபியூஸ் தெரியவில்லையே! கண்ணில் புரை விழுந்திருக்கும், பாவம் என்று வாத்தியார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"டேஷ்போர்டுக்கு அடியில ரிலேன்னு ஒரு கறுப்பு டப்பா உண்டு. பம்புக்குக் கரண்ட் அது வழியாத்தான் போவுது. அத நான் பாக்குதேன்" என்றார் அண்ணாச்சி. "நீங்க அங்கன குனியாதிய, இடுப்பு புடிச்சிக்கிடும். காபியப் போடுங்க."

வாத்தியார் காபி போடப் போனார்.

அது நல்ல காலம். கார் ஒரு அங்குலம் நகராமல் இருவரும் அதற்குள் உட்கார்ந்து மணப்பாடு, குலசை எல்லாம் பேச்சிலேயே போய் வந்தார்கள். அண்ணாச்சி தின்ன முந்திரி மக்ரூன் வாங்கி வந்தார். ஜெபசுதா போனில், "அந்த டப்பாவ வித்துத் தொலைங்கப்பா" என்றபோது, "முக்கியமான வேலை நடந்துக்கிட்டிருக்கும்மா" என்று வாத்தியார் வைத்துவிட்டார்.

ஆனால் ஒரு நாள் வண்டிக்கு அடியில் நுழைந்த அண்ணாச்சி வெளியே வர முடியாமல் முனகினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்தபோது, "உங்க வண்டிய ஓட்டிக் காட்டாம விடமாட்டேன் சார்" என்றார்.

வாத்தியாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் தனிமைக்குத் துணை வேண்டுமென்று இன்னொருவர் இடுப்பை ஒடிப்பது என்ன நியாயம்? மறுநாள் காலை கண்ணாடிக் கூட்டைத் திறந்து நல்ல ஃபியூஸை எடுத்து மாட்டினார். சாவியை அண்ணாச்சியே திருப்பட்டும், பெயர் அவருக்கே போகட்டும். பிறகு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

"நீங்களே திருப்புங்க அண்ணாச்சி. இன்னைக்கு ஓடும்னு மனசு சொல்லுது."

அண்ணாச்சி திருப்பினார். பம்பு முனகவில்லை.

"இருக்கவே முடியாது" என்றார் வாத்தியார்.

"என்ன சார் இருக்க முடியாது?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை திருப்புங்க."

இன்னொரு தடவையும் ஒன்றுமில்லை. வாத்தியார் பாய்ந்து போய் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். கருகாமல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. பொய்க்குப் படுத்துக் கிடந்த வண்டி இப்போது நிஜமாகவே படுத்துவிட்டதே, இது கர்த்தர் கொடுத்த தண்டனைதான் என்று நினைத்தார்.

"உப்புக் காத்து சார்" என்றார் அண்ணாச்சி, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"இனி நமக்கு வேண்டாம் அண்ணாச்சி. உங்க இடுப்ப நானே ஒடிச்சிருவேன். நாளைக்கு மெக்கானிக் ஷாமை வரச் சொல்லுதேன்."

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "மெக்கானிக்கா? அவன் எதுக்கு சார்?" என்றார். பிறகு, "சரி, உங்க வண்டி" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. காபியில் ஆடை படிந்தது. வீடியோக்காரன் "வணக்கம் நண்பர்களே" என்றான், வாத்தியார் போனை அணைத்தார். வீடு மறுபடி பழைய மாதிரி ஆகிவிட்டது. ஞானபாயை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பிய அன்றைக்கு இருந்த அதே அமைதி. இனி அதைத் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

ஷாமுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவுக்கு நடந்தார்.

அண்ணாச்சியின் மருமகள் சண்முகப்ரியா கதவைத் திறந்தாள். "வாங்க சார். மாமா இடுப்புல பெல்ட்டக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்காவ."

"உள்ள வரலம்மா. அவிய முகத்தப் பாத்து இதச் சொல்ல எனக்குத் தைரியமில்ல, நீ சொல்லிரு." வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "வண்டி என்னைக்கோ சரியாயிட்டும்மா. அவிய வரணும்னு நான்தான் நல்ல பியூஸ ஒளிச்சு வச்சிட்டு, கருகினத மாட்டி வச்சேன். நேத்து மனசு கேக்காம திரும்ப மாட்டிட்டேன். ஆனா இப்ப நெசமாவே ஓடல. மன்னிக்கச் சொல்லு."

சண்முகப்ரியா உள்ளே போனாள். ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்து ஒரு சின்னக் கறுப்பு டப்பாவை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க கருகினத மாட்டி வச்சது மாமாவுக்கு அன்னைக்கே தெரியும் சார். என்னைக்காவது மனசு மாறி நல்லத மாட்டிட்டியன்னா என்ன செய்யன்னுதான், இந்த ரிலேயக் கழட்டிக் கொண்டாந்துட்டாவ."