சமநிலை சாரின் பதினாலு நாள்

புதுச்சேரிக்கும் இலையுதிர் காலம் உண்டு என்று கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் சமநிலை சார்தான். ஊரில் மற்றவர்களுக்குத் தெரிந்த பருவங்கள் மூன்று: வெயில், வெயிலோ வெயில், ஐப்பசியில் முழங்கால் அளவுத் தண்ணீர். செப்டம்பரில் இன்னொன்று இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தட்டாஞ்சாவடியில் நாங்கள் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பாரிஸில் இருக்கும் அவருடைய அக்கா வாட்ஸ்அப்பில் ஆயுர்வேதம் அனுப்புவார், பிரெஞ்சு மொழியில். கேரளத்தில் கிளம்பி, விமானமேறி, அங்கே பிரெஞ்சு கற்றுக்கொண்டு திரும்பிய ஆயுர்வேதம் என்பதால் அதன் மேல் சாருக்குத் தனி மரியாதை. அதே சரக்கை மூலைக் கடை நாட்டு மருந்துக்காரர் தமிழில் சொன்னால் காதில் வாங்க மாட்டார்.

அந்தச் செய்திகளின் சாரம் இது: கோடை போய் அடுத்த பருவம் வரும் இடைவெளி பதினாலு நாள். அந்த நாட்களில் பழைய பழக்கங்களைச் சட்டென்று விடக் கூடாது, கால் கால் பங்காக விட வேண்டும். இல்லையென்றால் உடம்பின் சமநிலை போய்விடும். 'தூஸ்மான், தூஸ்மான்' என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தமாம்.

ஆபீஸ் மின்விசிறியின் ரெகுலேட்டர் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது எங்கள் தலையெழுத்து. செப்டம்பர் பிறந்ததும் ஐந்திலிருந்து நாலு. மூன்று நாள் கழித்து மூன்று. டெஸ்பாட்ச் ரஹ்மான் பாய் எழுதும் சலானில் மையும் வியர்வையும் சேர்ந்து ஓடும். பாயின் மதிய மோரில் சார் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுக்கு வெந்நீரை ஊற்றி வைப்பார். அதைக் குடித்த பாயின் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

குளிர்கால உடுப்பையும் கால் கால் பங்காகத்தான் அணிவார். முதலில் மப்ளர், பிறகு காலுறை, பிறகு கையில்லாத ஸ்வெட்டர். அரியாங்குப்பத்திலிருந்து அந்தக் கோலத்தில் ஸ்கூட்டரில் வந்தவரைப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, ஊட்டியிலிருந்து எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டிருக்கிறார். சார் அவருக்கும் பதினாலு நாளை விளக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

ஆதாரம் கேட்டால் கம்பெனி வாசலில் நிற்கும் வாதாம் மரத்தடிக்கு அழைத்துப் போய் ஒரு சருகைக் காட்டுவார். காக்கை உட்கார்ந்து விழுந்த இலை அது என்று வாட்ச்மேன் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த வருடம் நான் அவர் கையில் வசமாக மாட்டினேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து எங்களுக்குக் குழந்தை வரப்போகிறது, ஐப்பசியில். நான் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிப்பவன். என் மனைவி செல்வி சத்தம் போடவில்லை. "இந்த நாத்தத்தோட வந்தீங்கன்னா புள்ளயத் தொட உடமாட்டேன்" என்றாள். சொன்னதைச் செய்பவள். நான்கு முறை விட்டுப் பார்த்தேன், நான்கு முறையும் இரண்டு நாள் தாண்டவில்லை. வெட்கத்தில் பாக்கெட்டை ஸ்டோரில் பசை டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். புத்திசாலி எவனாவது சாரின் ராஜ்ஜியத்தில் ஒளித்து வைப்பானா?

பிடித்துவிட்டார். திட்டவில்லை. ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, ஒவ்வொரு சிகரெட்டிலும் கால் பங்கைக் கத்தரித்தார். மீதியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இனி வேண்டுமென்றால் பசை டப்பா வாங்குவதுபோல் சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் அதில் ஒவ்வொரு முறையும் 'பலவீனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே கடையில் வாங்கியிருக்கலாம்தான். ஏனோ வாங்கவில்லை.

முக்கால் சிகரெட் அரையானது. பத்தாம் நாள் கடல்காற்று நின்று, ஊர் அடுப்பாகக் கொதித்தது. மின்விசிறி இரண்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. சார் எழுந்து, காலுறையைக் கழற்றி, பருவம் பின்வாங்கிவிட்டது, எல்லோரும் முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவித்துவிட்டு ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தார். ரஹ்மான் பாய் கலப்படமில்லாத மோரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் துள்ளிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடிச் சீட்டை நீட்டினேன்.

"மொத நாளுக்குப் போயிட்டோம்ல சார். எனக்கும் முழுசு குடுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. பருவத்தைப் பற்றிப் பேசும்போது வரும் கம்பீரக் குரல் இல்லாமல் சொன்னார்: "அவுங்களுக்குதான் வெயில் திரும்பிடுச்சி. ஒனக்கு மட்டும் பருவம் மாறிடுச்சி தம்பி. பின்னால போவாத."

எனக்குக் கோபம் வந்தது. இது எந்த ஆயுர்வேதத்தில் இருக்கிறது என்று கேட்டேன். எதிலும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு என் சீட்டை வாங்கி, காரணம் கட்டத்தில் 'பலவீனம்' என்பதை அடித்துவிட்டு, 'புள்ள வருது' என்று எழுதி, அரைத் துண்டோடு என்னிடமே கொடுத்தார். சட்டத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தளர்த்தாத மனிதர் எனக்காகச் சட்டத்தையே மாற்றிவிட்டார். அடுத்த வாரம் கால் துண்டு. கடைசிக் கால் துண்டுக்கு நான் சீட்டே எழுதவில்லை.

ஐப்பசியில் கொட்டும் மழையில் மகள் பிறந்தாள். செல்வி என்னைப் பக்கத்தில் அழைத்து, சட்டையை இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, குழந்தையை என் கையில் வைத்தாள். சிறிது நேரத்தில் சமநிலை சார் வந்தார். முழு ஸ்வெட்டர், மப்ளர், காலுறை, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. "நான் சொன்னேன்ல, பருவம் வந்துடுச்சி" என்றார். பருவம் ஒன்றரை மாதம் தாமதமாக வந்ததை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாற்காலி இப்போது என்னுடையது, ரெகுலேட்டரும். இன்று செப்டம்பர் முதல் தேதி, ஊர் கொதிக்கிறது. காலையில் வந்ததும் மின்விசிறியை ஐந்திலிருந்து நாலுக்குக் குறைத்தேன். ரஹ்மான் பாய் நிமிர்ந்து பார்த்தார், பிறகு தன் மோரில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றிக்கொண்டார்.