அதற்கு மேல் தூரமில்லை

தவக்காலம் வந்தால் எங்கள் சர்ச் பங்கில் ஒவ்வொருவரும் எதையாவது விடுவார்கள். சிலர் கறியை, சிலர் குடியை. இந்த வருஷம் நான் எதையும் விடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். குறிப்பாக, மனைவியை.

நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெனிஷாவுக்கு ஜூனில் பிரசவம். அம்மா மூன்று மாதம் வந்து இருக்க வேண்டுமாம். அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞானசௌந்தரி அன்றைக்கே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

அவள் தாய்வீடு போலகத்தில். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் அரை மணி. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அங்கே போவதை நான் தடுத்ததில்லை. "இந்தா இருக்கு போலகம், போயிட்டு சாயங்காலம் வந்துடு" என்பேன். அவ்வளவுதான். அவள் அம்மா படுக்கையில் விழுந்தபோதும் அதைத்தான் சொன்னேன். ராத்திரி எனக்கு இட்லி ஊற்ற ஆள் வேண்டாமா? ஆறு மணி பஸ்ஸில் வந்துவிட்டாள். எட்டு மணிக்கு அம்மா போய்விட்டதாகப் போன் வந்தது. இட்லி அடுப்பில் இருந்தது.

நியூசிலாந்துக்கு 'இந்தா இருக்கு' சரிப்படாது. போகாதே என்றால் மகள் சண்டைக்கு வருவாள். தூரத்தைக் காட்டித்தான் பயமுறுத்த வேண்டும். தேடியதில் ஒரு ஆவணப்படம் அகப்பட்டது. பூமிக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், துளை போட்டுப் போனால் நேர் மறுபக்கம் இன்னோர் ஊர். நியூசிலாந்தில் ஒருவர் விடியற்காலையில் மாடு கறக்கிறார். அவர் காலுக்கு நேர் கீழே ஸ்பெயினில் ஒருவர் இருட்டும்போது கடையைப் பூட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டி.வி.யில் போட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்தாள். படம் இங்கிலீஷில் பேசியது. நான் தமிழில் சொன்னேன், கொஞ்சம் கூட்டி. அங்கே போகிறவர்களுக்கு மூன்று மாதம் தூக்கம் வராதாம், அது வருகிற நேரத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்குமாம். பாலைத் தவிர எதுவும் கிடைக்காதாம். சூரியன்கூட வடக்குப் பக்கமாகத்தான் போகுமாம். இதில் சூரியன் மட்டும்தான் நிஜம்.

அவள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"இது நம்ம கிளாட்வின் இருக்கிற ஸ்பெயினாங்க?"

மகன் கிளாட்வின் அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறான்.

"அதேதான்."

"ரெண்டுக்கும் அவ்ளோ தூரமா?"

"அதுக்கு மேல தூரமே கிடையாது சௌந்தரி. அங்கேருந்து ஒரு அடி நகர்ந்தாக்கூட கிட்டக்க வர ஆரம்பிச்சிடும்."

"எந்தப் பக்கம் நகர்ந்தாலுமா?"

"எந்தப் பக்கம் நகர்ந்தாலும்."

கீரையைக் கையில் வைத்தபடி வெகுநேரம் யோசித்தாள். பயம் பிடித்துக்கொண்டது என்று புரிந்தது. நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைப் பழையபடி பரணில் வைத்தேன். இறங்கும்போது முழங்கால் வலித்தது. ஜெயித்தவனுக்கு அது ஒரு வலியா?

அடுத்த சனிக்கிழமை ஹாலில் இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று பழையது. இன்னொன்று விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுசு.

"ரெண்டு எதுக்கு?"

"புதுசு உங்களுக்கு. கிளாட்வின்கிட்ட பேசிட்டேன், விசாவுக்குப் பேப்பர் அனுப்புறான். நான் திரும்பி வர்ற வரைக்கும் அவன்கூட இருங்க. அவன் காலையிலேயே வேலைக்குப் போயிடுவானாம். காபி நீங்களே போட்டுக்கணும்."

இந்த வயசில் எனக்கு எதற்கு ஸ்பெயின், நான் பாட்டுக்கு இங்கேயே கிடக்கிறேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். ஓட்டல் சாப்பாடுகூடப் பரவாயில்லை என்றும் சொன்னேன்.

அவள் விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள்.

"வேணாங்க. காரைக்கால்ல இருந்தீங்கன்னா கொஞ்சம் கிட்டக்க வந்துடுதுல்ல. அப்புறம் சாயங்காலம் வந்துடுன்னு சொல்லுவீங்க."