சங்கையாவின் மாசாந்திர ஓவராயில்

இனிமேல் மாசத்துக்கு ஒரு தரம் சைக்கிளை ஓவராயிலுக்கு விடுவது என்று எண்பத்தேழாம் வருசம் ராஜபாளையம் சங்கையா முடிவெடுத்தார். எல்லாம் சைக்கிளின் நன்மைக்காக என்றார். சைக்கிள் மறுத்துப் பேசவில்லை.

நிஜக் காரணம் வேறே. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. லீவு வந்தால் பெண்டாட்டி பரிபூரணத்தைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு, சேத்தூரில் அவள் அக்கா ஞானபாக்கியம் வீடுவரைக்கும் மிதிக்க வேண்டும். பரிபூரணம் பேருக்கேற்ற உடம்பு. வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் அகமது கபீர் கடையில் கழன்று கிடந்தால் சேத்தூர் கிடையாது. கடைக்கு நாலு எட்டில் தியேட்டர். அங்கே சங்கையாவுக்கு மேட்னி.

இது மட்டும் வீட்டுக்குத் தெரியக் கூடாது. சினிமா பார்க்கிற குடும்பம் உருப்படாது என்று வீட்டில் சட்டம் போட்டவரே அவர்தான். தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"ஏங்க, போன மாசந்தான ஓவராயில் பண்ணுனிய?"

"ஏட்டி, அது போன மாசம். இது இந்த மாசம்."

"பக்கத்து வீட்டு ஐயாதுரை வருசத்துக்கு ஒருக்காத்தான் விடுதாரு."

"அதான் அவன் வண்டி வாரது தெருமுனையிலயே கேக்குது."

"ஓவராயில்னா என்னதான் செய்வாக?"

வண்டியை அக்கக்காகப் பிரித்து, பேரிங் பால்ஸைக் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டுவது என்று சொல்லியிருக்கலாம். சங்கையாவுக்குக் குசும்பு.

"ஆயில ஓவரா ஊத்துறதுட்டி!"

"அம்புட்டுதானா?" என்று பரிபூரணம் உள்ளே போனாள். அவள் அத்தோடு விட்டதை ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார் சங்கையா. கல்யாணமாகிப் பத்து வருசம், இன்னும் புத்தி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் சைக்கிள் பளபளவென்று நிற்கிறது. ஹேண்டில்பார் முதல் மட்கார்டு வரை கடலை எண்ணெய் சொட்டுகிறது.

"உங்களுக்கு எதுக்குச் செரமம்னு நானே ஓவராயில் பண்ணிட்டேன். ஓவராவே."

"அடிப்பாவி! பிரேக் கட்டையிலயுமா?"

"அதுக்கு ரெண்டு கரண்டி கூட."

"கெடுத்தியே! இனிமே பிரேக் புடிக்குமா? கபீர்ட்ட விட்டே ஆகணும்!" என்று கத்தினார் சங்கையா. உள்ளுக்குள்ளே ஒரே குஷி. பொய்க்கு வேலையே இல்லாமல் மேட்னி!

காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்தே பிரேக் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார். ஒரு செருப்பு பாதிதான் மிஞ்சியது. கபீர் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு பலகையும், கந்தல் துணியும், மண்ணெண்ணெய் டப்பாவும் எடுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க அண்ணாச்சி. சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒண்ணொண்ணாத் தொடைங்க."

"நீ தொடையேன்ப்பா. எனக்குச் சோலி இருக்கு."

"முடியாது. மதினிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"எந்த மதினி?"

"உங்க வீட்லதான். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தவிய இங்கயும் வந்தாக. எம்புட்டு எண்ணெய் ஊத்துனா இவிய பொழுது சாயுற வரைக்கும் ஒக்காந்து தொடைக்கணும்னு கேட்டாக. நான்தான் அரை லிட்டர்னு சொன்னேன்."

சங்கையா தியேட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"வேற என்ன கேட்டா?"

"வேற ஒண்ணும் கேக்கல."

அப்பாடா! எண்ணெய் போனால் போகட்டும், தியேட்டர் விசயம் வெளியே வரவில்லை. சங்கையா நிம்மதியாகத் துடைத்தார். பின்சக்கரம் பாதி முடிவதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

சேத்தூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து பரிபூரணமும் ஞானபாக்கியமும் இறங்கினார்கள். இருவர் தலையிலும் மல்லிகைப்பூ.

"ஏங்க, அக்கா படம் பாக்கணும்னா. மேட்னி எப்பப் போடுவான்?"

எண்ணெய்ப் பிசுக்கேறிய கம்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சங்கையா சொன்னார்: "ரெண்டரைக்கு. வெரசாப் போ, எழுத்துப் போட்டுட்டா தூண் மறைக்காத சீட்டு கெடைக்காது."

பரிபூரணம் அக்கா பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் சொன்னேம்லா, அவியட்டயே கேப்போம்னு."