பசறை பஸ்ஸில் ஒரு காற்றுச் சோதனை

படித்தவனுக்குப் பொறுமை இருக்கும் என்று சொன்னவர் யாரோ, அவர் என்னைப் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான் (அந்த நினைப்பே என்னை ஓரிடத்தில் உட்கார விடாது). விமானத்தின் மெல்லிய தகடு ஒரு வேகத்துக்கு மேல் காற்றில் தானாகவே படபடக்கத் தொடங்கும். கார்பன் நானோகுழாய்களைக் கலந்து செய்தால் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதில் விரிசல் இருந்தால் எந்த வேகத்தில் ஆட்டம் தொடங்கும்? இதுதான் என் ஆய்வு. விரிவுரையாளர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு கறுப்புத் தகட்டில் கீறல் போட்டுத் தந்திருந்தார். அது போனால் என் பட்டமும் போகும். வேகமாகக் காற்றடித்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் என் முறை அடுத்த மாதம்தான். அதுவரை தகட்டைப் பூட்டி வைத்திருக்கலாம். உடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு ரயிலேறினேன்.

பதுளை ஸ்டேஷனுக்கு அப்பா வந்திருந்தார். பசறை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம். வெளியே கை நீட்டினேன். காற்று உள்ளங்கையைத் தள்ளியது. காற்றுச் சுரங்கம் என்பதும் இதுதானே!

தகட்டை வெளியே நீட்டியதும் கண்டக்டர் கத்தினார். "தம்பி, கைய உள்ள போடுங்க! லொறிக்காரன் கொண்டு போயிருவான்!"

"சும்மா இருங்க, மவன் பரீட்சை செய்றாரு," என்றார் அப்பா. "பிளேன் சம்பந்தமா."

அவ்வளவுதான். பஸ்ஸே பரீட்சைக்கு உட்கார்ந்துவிட்டது.

"டிரைவரண்ணே, நல்லா மிதிங்க! புள்ள படிப்பு விசயம்!" என்றார் பின்சீட்டு அக்கா.

"இந்த வளைவுல மிதிச்சா நாம எல்லாருமே பிளேன்லதான் போவோம்!" என்றார் டிரைவர்.

நேர்ப்பாதை வந்ததும் மிதித்தார். தகடு முதலில் முனகியது. பிறகு நடுங்கியது. பிறகு பிடித்த கோழி இறக்கை அடிப்பதுபோல் அடித்தது. "ஆடுது! ஆடுது!" என்று நான் கூத்தாடும்போதே கீறலில் முறிந்து, பாதி தேயிலைக்குள் பறந்தது.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிச் செடி செடியாகத் தேடினார்கள். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டார்:

"என்னத்தத் தேடுறீங்க?"

"பிளேன் விழுந்திருச்சாம்!"

"அய்யய்யோ! எத்தன பேரு போயிட்டாங்க?"

(ஒருவன்தான். நான்.)

கிடைக்கவில்லை. போனால் போகட்டும், விடையாவது மிஞ்சுமே என்று டிரைவரிடம் ஓடினேன். "அண்ணே, அது உடைஞ்சப்போ என்ன வேகத்துல போனீங்க?"

அவர் மீட்டரைக் காட்டினார். முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. "அது செத்து வருசக்கணக்காச்சு தம்பி. நான் சத்தத்தக் கேட்டுத்தான் ஓட்டுறேன்."

விரிவுரையாளர் திட்டவில்லை. மிஞ்சிய பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓர் அலுமினியத் தகட்டைக் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். நண்பர்கள் பட்டமளிப்பு உடையில் படம் பிடித்த அன்று நான் அதை அராவிக்கொண்டிருந்தேன். என் பட்டம் அடுத்த வருடம்தான் வந்தது.

பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார்கள். அப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "பஸ்ஸுக்கு வெளிய கை நீட்டப் படிச்சிருக்காருங்க. சாதாரணப் படிப்பில்ல, அதுக்குன்னே ஒரு வருசம் கூடப் படிச்சாரு."

அந்தப் பெண்தான் என் மனைவி. இன்றுவரை எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னலோரத்தை எனக்குத் தந்ததில்லை.