வலப்பக்கம் திரும்பாத வண்டி

வீடியோ பார்த்து வண்டி ரிப்பேர் கற்றுக்கொண்டவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன். அவர்கள் மேல் கோபமில்லை. அந்த முகத்தைக் கண்ணாடியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகி எட்டு மாதம். மும்பை செம்பூரில் மாமனார் மாமியாரோடு இருந்தோம். முதல் சம்பளங்களைச் சேர்த்து நான் வாங்கிய பைக்கும் புகுந்த வீட்டுக்கு என்னோடு வந்திருந்தது. கணவர் கார்த்திக்குக்கு அது பிடிக்காது. "வித்துட்டு ஒரு ஸ்கூட்டியாவது வாங்கேன்" என்பார். மாமியார் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே எட்டு மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் வண்டியின் முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. (முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு குழாய்கள். பள்ளத்தில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்வது அதுதான்.) சயான் சாலைப் பள்ளங்களில் வண்டி 'டக்' என்னும்; என் தோள்பட்டையும் 'டக்' என்னும். புது சீல் (எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம்) போட்டால் போதும். ஆனால் பன்னிரண்டு வீடியோ பார்த்தவளுக்கு சீல் போதுமா? வேறொரு பெரிய பைக்கின் தடிமனான ஃபோர்க்கை மாட்டினால் மெத்தையில் போவது போலிருக்குமாம். குர்லா பழைய சாமான் கடைகளில் மூன்று சனிக்கிழமை அலைந்து, சக்கரம், பிரேக்கோடு முழு செட்டையும் வாங்கி, தாராவியில் மெக்கானிக் சுடலைமுத்துவின் முன்னால் வெற்றியோடு வைத்தேன்.

சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயதிருக்கும். "எம்மா, இது தோதுப்படாது. அந்த வண்டி வேற, இந்த வண்டி வேற" என்றார். நான் அவருக்கு ஏழாவது வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பாவம், முழுதும் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது மாட்டி முடித்திருந்தார்.

"ஃபோர்க்கு தடியா இருக்குல்லா, ஹேண்டில வலப்பக்கம் ஒடிச்சா பெட்ரோல் டாங்கில முட்டுது. அதான் ஒரு துண்டு இரும்ப வச்சு வெல்டு அடிச்சிருக்கேன். வலப்பக்கம் பாதிதான் ஒடியும். வேற டாங்கு பாக்கேன், ஒரு வாரம் இங்கனயே விட்டுட்டுப் போங்க."

"நேரா போகுமில்லையா?"

"நேரா போவும்."

"அது போதும்" என்றேன்.

(நேராக மட்டும் போய் எந்த ஊரைச் சேருவாய் என்று அவர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் மாமியாரின் அண்ணாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாமியார் ஒரே தங்கை. அண்ணா தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் தங்கைதான் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. முப்பது வருடத்துக்கு முன் நிஜக் கல்யாணத்தின்போது இவருக்கு அம்மை போட்டிருந்ததால் வேறு யாரோ போட்டார்கள். அந்தக் குறை தீர இது இரண்டாவது வாய்ப்பு. ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு.

கார்த்திக்கும் மாமனாரும் விடிகாலையிலேயே பாத்திரங்களோடு காரில் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பூஜையை முடித்துவிட்டு டாக்ஸியில் வருவதாக ஏற்பாடு. டாக்ஸிக்காரர் முக்கால் மணி நேரம் 'பாஞ்ச் மினிட்', அதாவது ஐந்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு கேன்சல் செய்தார். ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில் கிடையாது. முகூர்த்தம் பத்தரைக்கு, மணி ஒன்பதே முக்கால்.

"அம்மா, பைக்ல போயிடலாமா? இருபது நிமிஷம்."

மாமியார் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கால் போட்டுக்கலாமோன்னோ?" என்றார். ஏறி உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, மடிசார் பைக்குக்கென்றே ஏற்பட்ட கட்டு என்று.

எங்கள் தெரு, நெடுஞ்சாலையில் பன்வேல் போகிற பக்கத்தில் வந்து முடியும். மாதுங்கா நேர் எதிர்த்திசை. முதல் யூ-டர்னில் ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தேன். 'டொக்.' பாதியில் நின்றது. வண்டி கப்பல் மாதிரி அகலமாக வளைந்து எதிரே வந்த பஸ்ஸைப் பார்க்கப் போயிற்று. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "அரே மேடம், ஆகே லேலோ!" என்று, முன்னால் போகச் சொல்லி டிராஃபிக் ஹவால்தார் கையை வீசினார். பதறிப்போய் வண்டியை நேராக்கி, போய்க்கொண்டிருந்த பன்வேல் திசையிலேயே மேலே ஓட்டினேன்.

அடுத்த யூ-டர்னிலும் 'டொக்.' இறங்கச் சொல்லி, வண்டியைத் தள்ளித் திருப்பியிருக்கலாம். ஆனால் மாமியார் முதல்முறையாக என் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்! "இங்க கூட்டமா இருக்கு, அடுத்ததுல திரும்பிக்கலாம்" என்றேன். மான்கூர்டிலும் அதையே சொன்னேன். அதற்கப்புறம் வந்தது, மும்பையையே விட்டு வெளியேறுகிற வாஷிப் பாலம்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "மாதுங்கா போற வழியில கடல் வருமோ?"

"வராதும்மா."

"தோணித்து" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா குலுக்கவே இல்லை" என்றார்.

வாஷியில் ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மாமியார் மணியைப் பார்த்தார். பத்து இருபது. "சரி, நீ திருப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கேயோ நடந்தார். நான் வண்டியை முன்னும் பின்னுமாக ஏழு தடவை உருட்டித் திருப்பி முடித்தபோது, கையில் ஒரு பை தாமரைப் பூவோடு வந்து நின்றார். இந்த நேரத்தில் பூ எதற்கு? கேட்கத் தைரியமில்லை.

ஹாலுக்குள் நுழைந்தபோது மாமியாரின் சித்தி பெண் முடிச்சைப் போட்டு முடித்து, எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். "எங்க போனேள்?" என்று நாலு பக்கமும் கேள்வி. கார்த்திக்கின் பார்வை நேராக என் ஹெல்மெட்டுக்குப் போயிற்று.

"வாஷியில தாமரை நன்னா இருக்கும்னு சொன்னா. நான்தான் இவளை இழுத்துண்டு போனேன்" என்றார் மாமியார், பையைத் தூக்கிக் காட்டி.

மாலையும் கழுத்துமாக அண்ணாவே ஆரம்பித்தார். "மாதுங்காப் பூக்கடைத் தெருவுல பொறந்து வளர்ந்தவ, பூ வாங்க வாஷிக்குப் போயிருக்காடா!" ஹாலே சிரித்தது. மாமியாரும் சிரித்தார்.

சாயங்காலம் சமையலறையில் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னேள்?"

"உன்னைச் சொன்னா வண்டியை வித்துடும்பா. என்னைச் சொன்னா சிரிப்பா. சிரிச்சுட்டுப் போகட்டுமே."

"ஆனா அந்த முடிச்சு..."

"யார் போட்டா என்ன, அவுறாம இருந்தா சரி" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப நேரம் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாளே சுடலைமுத்துவிடம் போய்ப் பழைய ஃபோர்க்கில் புது சீல் போட்டு மாட்டிக்கொண்டேன்.

ஆறு வருடமாயிற்று. எங்கள் குடும்பத்தில் யார் தாமதமாக வந்தாலும், "என்ன, வாஷியில பூ வாங்கினியா?" என்பதுதான் முதல் கேள்வி. போன மாதம் ஒரு சீமந்தத்தில், குடும்பத்துக்குப் புதிதாக வந்த ஒரு மருமகளுக்கு மாமியாரின் அண்ணா இந்தக் கதையை நடித்தே காட்டினார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மாமியார்தான்.

இரண்டு தடவை உண்மையைச் சொல்லிவிட நான் வாயைத் திறந்திருக்கிறேன். இரண்டு தடவையும், "எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டு வாயேன்" என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டார்.